மிதிலைச் சுவரும் நம் வீட்டுக் குவளையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுவிட, பார்சல் ஆபீசில் மூட்டைகளை எண்ணி ரசீது எழுதியே காலத்தைக் கழித்துவரும் குமாஸ்தா நாம். ஓவியக் கலையைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. தகுதி ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகள் கண்ணெதிரே இருந்த ஒன்றை மிகத் தாமதமாகப் பார்த்தோம். அதைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே வந்திருக்கிறோம்.

நாம் பிழைக்க வந்து குடியிருக்கும் இந்த நாடு, கம்பன் பாடிய மிதிலை. சீதாப்பிராட்டி பிறந்த பூமி என்று ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கெல்லாம் பெருமையோடு சொல்கிறோம். தர்பங்காவிலிருந்து ஜயநகர் செல்லும் பாதையில் உள்ள மதுபனி நிலையத்திற்கு அவர்களை அழைத்துச் சென்று, சுவர் நிறையத் தீட்டியிருக்கும் சித்திரங்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உள்ளூர் ஓவியர்கள் பலர் ஊதியம் பெறாமல் கூடித் தீட்டிய சித்திரங்கள் அவை. மறு ஆண்டிலேயே தர்பங்காவிலிருந்து தில்லி செல்லும் பீகார் சம்பர்க்க கிராந்தி வண்டியின் பெட்டிகளிலும் அதே மீன்களும் தாமரைகளும் ஏறிப் பயணம் செய்தன. நாம் எத்தனையோ முறை அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறோம். மீன் அழகாக இருக்கிறது, மயில் அழகாக இருக்கிறது என்பதோடு நம் இரசனை முடிந்துவிட்டது. அந்த மீனுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதாக நினைத்ததே இல்லை.

நம் பெண்கள் வாசலில் மாக்கோலம் இடுவதைப் போல, இந்நாட்டுப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் இடுவதை அரிபன் என்பார்கள். திருமணம் நடக்கும் வீட்டில், மணமக்கள் தங்கும் அறையின் சுவரில் எழுதும் சித்திரத்திற்குக் கோபர் என்று பெயர். தாமரையும் மூங்கிலும் கிளியும் ஆமையும் மீனும் அதில் இருக்கும். இவற்றைத் தாய் மகளுக்கும், மாமியார் மருமகளுக்கும் கற்பித்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். வீட்டின் உள்ளறையில் இருந்ததால் வெளியார் கண்ணில் இவை அதிகம் படவில்லை. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. சுவர்கள் பிளந்து கிடந்த வீடுகளைப் பார்வையிடச் சென்ற ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, இடிந்த உட்சுவர்களில் இச்சித்திரங்களைக் கண்டு வியந்தார். 1949இல் 'மார்க்' என்னும் கலைப் பத்திரிகையில் இவற்றைப் பற்றி எழுதினார். பூகம்பம் வந்து சுவர் பிளந்த பிறகே உள்ளே இருந்தது உலகத்திற்குத் தெரிந்தது.

ஆனால் அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரம் எழுதச் சுவர் வேண்டும். சுவர் இருக்க வீடு வேண்டும். உலகம் வியந்த அந்தச் சுவர்களுள் பெரும்பாலானவை பிராமணர், காயஸ்தர் வீட்டுச் சுவர்கள். அந்த வீடுகளின் முற்றத்தைப் பெருக்கியவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும், குளத்தில் மீன் பிடித்துக் கொடுத்தவர்களும் அந்த உள்ளறைக்குள் விருந்தினராகச் சென்றவர்கள் அல்லர்.

1966, 67ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கொடிய வறட்சி வாட்டியது. பெண்களுக்கு ஏதேனும் வருவாய் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜயகர் அம்மையார், பம்பாயிலிருந்து பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் கிராமம் கிராமமாகச் சென்று, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதித் தாருங்கள் என்று தாள்களைக் கொடுத்தார். முதலில் புகழ் பெற்றவர்கள் மேல்குலத்துப் பெண்களே. ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி ஆகியோர் பத்மஸ்ரீ விருது வரை உயர்ந்தார்கள். அவர்களுடைய திறமைக்கு அது முற்றிலும் உரியதே. ஆயினும் சுவருக்கும் தாளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சுவர் வீட்டுக்காரருடையது. தாளோ கையில் வைத்திருப்பவருடையது. அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு குடிசைக்கும் போகலாம், மரத்தடியிலும் விரிக்கலாம். அந்தத் தாள் சில ஆண்டுகளில் ஜித்வார்பூர் கிராமத்துத் துசாத் குடியிருப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

துசாத் என்பவர் ஊர்க் காவல் வேலை பார்த்தும், பன்றி வளர்த்தும், கூலிக்கு உழுதும் வாழ்ந்த மக்கள். நம் ஆபீசிலேயே பாஸ்வான் என்ற பெயருடையவர் பலர் உண்டே, அவர்கள் பெரும்பாலும் இக்குலத்தவரே. இவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மானியப் பெண்மணி இம்மக்களிடம் வந்து, நீங்களும் எழுதலாமே என்று ஊக்கினார். என்ன எழுதுவது? மேல்குலத்தார் இராமனையும் கிருஷ்ணனையும் துர்க்கையையும் எழுதி வந்தார்கள். சானோ தேவி என்ற பெண்மணி தம் குலத்துப் பெண்களின் கையையும் காலையும் பார்த்தார். அங்கே பச்சை குத்திய கோலங்கள் இருந்தன. அவற்றை அப்படியே தாளில் இறக்கினார். வட்டம் வட்டமாக, வரிசை வரிசையாகப் பூவும் மரமும் பறவையும் விலங்கும் தாளை நிறைத்தன. இதற்குக் கோத்னா என்று பெயர். பச்சை குத்துதல் என்றே பொருள். சுவர் இல்லாதவர்களுக்கு உடம்பே சுவராக இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் அவர்கள் எழுதினார்கள். சல்ஹேஸ் என்ற அரசனின் கதை அது. துசாத் மக்கள் தெய்வமாகப் போற்றும் வீரன் அவன். நம் ஊர் எல்லையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஐயனாரைப் போல, இவன் யானைமேல் அமர்ந்திருப்பான். ஊரார் தங்களைக் கிட்ட வராதே என்று விரட்டிய காட்சியை இப்பெண்கள் எழுதி அழவில்லை. தங்கள் குலத்து அரசனை யானைமேல் ஏற்றி, தம்பியையும் மருமகனையும் உடன் நிறுத்தி, தாளின் நடுவில் வைத்தார்கள். நம் கண் அவனை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. தோல் தொழில் செய்யும் குலத்தில் பிறந்த ஜமுனா தேவி என்பவர் தாளின்மேல் சாணத்தைக் கரைத்துப் பூசி, அந்த மண் நிறத்தின்மேல் எழுதினார். சாணம் அள்ளுவது தங்கள் வேலை என்று உலகம் ஒதுக்கி வைத்ததோ, அதையே அவர் சித்திரத்திற்கு நிலமாக்கிவிட்டார். இன்று எல்லாக் குலத்துப் பெண்களும் சாணம் பூசிய தாளில் எழுதுகிறார்கள். வாங்குபவர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம்!

இதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பிராமணப் பெண்கள் வண்ணம் நிரப்பி எழுதுவது பர்னி, காயஸ்தப் பெண்கள் நுண்ணிய கோடுகளால் எழுதுவது கச்னி என்று தொழிலின் பெயரால் அழைத்த உலகம், இவர்கள் எழுதியதை நெடுங்காலம் ஹரிஜன பாணி என்று பிறப்பின் பெயரால் அழைத்தது. நல்லெண்ணத்தோடுதான் அழைத்திருப்பார்கள். ஆயினும் தேநீர்க் கடையில் மனிதர்க்கு வைத்த தனிக் குவளையைக் கடையில் படத்திற்கும் வைத்துவிட்டார்கள் அன்றோ? 2024ஆம் ஆண்டில் கோத்னா ஓவியத்திற்காகச் சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் என்ற தம்பதியர்க்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்பொழுது செய்தித்தாள்களில் கோத்னா என்ற பெயர் அச்சானதைக் கண்டு, சம்பந்தம் ஏதும் இல்லாத நமக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

இனி அந்த மீனின் கதைக்கு வருவோம்.

மிதிலையில் மீன் மங்கலப் பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே பிராமணர்களும் மீன் உண்பார்கள். நம்மவர் புதிதாக வந்தபோது இதைக் கண்டு எவ்வளவு திகைத்தோம்! மணவறைச் சுவரில் மீன் உண்டு. விருந்து இலையில் மீன் உண்டு. ஆனால் அந்த மீனைக் குளத்தில் இறங்கிப் பிடித்துக் கொடுக்கும் மல்லாஹ் குலத்தவர் தாழ்ந்தவர். அக்குலத்தில், மதுபனிக்கு அருகே ராந்தி என்ற கிராமத்தில் பிறந்தவர் துலாரி தேவி. பள்ளிக்கூடம் சென்றதில்லை. சிறு வயதிலேயே மணம் முடித்துக் கொடுத்தார்கள். பெற்ற குழந்தை ஆறு மாதத்தில் இறந்துபோக, பிறந்த வீட்டிற்கே திரும்பி வந்தார். பிறகு அதே கிராமத்தில், புகழ் பெற்ற ஓவியர்களான மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி ஆகியோர் வீட்டில் பெருக்கவும் பாத்திரம் துலக்கவும் வேலைக்குச் சேர்ந்தார்.

துடைப்பத்தைப் பிடித்தபடியே அவர் அவர்களுடைய கைகளைப் பார்த்திருக்கிறார். வேலை முடிந்து வீட்டிற்கு வந்ததும் முற்றத்து மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டார் இதை அறிந்து, உனக்கேன் இது என்று விரட்டாமல், அருகில் அமர்த்திக் கற்றுக் கொடுத்தார்கள். நியாயமாகப் பேச வேண்டுமல்லவா, அந்த அம்மையார்களுக்கு நாம் கை கூப்ப வேண்டும். துலாரி தேவி என்ன எழுதினார்? வலையை எழுதினார், குளத்தை எழுதினார், மீன் விற்கும் பெண்களையும் வயலில் குனிந்து நிற்பவர்களையும் எழுதினார். மணவறைச் சுவரில் அதுவரை மீன் மட்டும்தான் இருந்தது. இவர் தாளில் அதைப் பிடித்தவளும் வந்து நின்றாள்.

அவர் தம் வாழ்க்கையைத் தாமே சித்திரமாக எழுதிய நூலை வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் என்னும் பதிப்பகம் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி. வீட்டு வேலை செய்த பெண் ஓவியரான கதையை அதில் அவரே கூறுகிறார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வரவு செலவுத் திட்டம் படித்த நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்கள் உடுத்தியிருந்தது துலாரி தேவி எழுதி அன்பளித்த புடவையே. மதுரையில் பிறந்தவர் அணிந்த மதுபனிப் புடவை என்று நம் காலனியில் அன்று எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியைச் சுட்டிக் காட்டிப் பேசினோம். எங்கள் வீட்டிலும் பேசினோம். அப்பொழுது பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் இப்படி அமைதியாகவே எழுத வேண்டும் என்பதில்லை. நாகபுரியைச் சேர்ந்த சவி சாவர்க்கர் என்ற ஓவியர் வேறு வழியில் சென்றவர். பேஷ்வாக்கள் ஆட்சியில் பூனாவில் தீண்டத்தகாதவர் என்று கருதப்பட்டவர்கள் எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும், அடிச்சுவட்டை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிச் செல்ல வேண்டியிருந்தது என்று டாக்டர் அம்பேத்கர் 1936இல் எழுதினார். சாவர்க்கர் அந்தக் கலயத்தையே எழுதினார். அது வரவேற்பறையில் மாட்டி அழகு பார்க்கும் படமன்று. சற்று நேரம் பார்த்தால் நம் கழுத்து கனக்கும். யானைமேல் ஏறிய சல்ஹேஸும் கழுத்தில் தொங்கும் கலயமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று நமக்குத் தோன்றுகிறது. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு நமக்கு இல்லை.

இவ்வளவும் ஊரார் கதை. இனி நம் கதை.

நாம் இங்கு வந்த புதிதில் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வாடகை வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தோம். மதராசிக்கு வீடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. பெருங்காய வாசனையைச் சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நம் குழந்தைகள் பள்ளியில் இட்டிலிப் பாத்திரத்தைத் திறக்கக் கூசி, பட்டினியோடு வீட்டிற்குத் திருப்பிக் கொண்டுவந்த நாட்கள் உண்டு. அந்த வேதனையில்தான், நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று இச்சங்கத்தில் சேர்ந்தோம். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தெரிந்தவர்களாகிய நாம் என்ன செய்தோம்? எங்கள் வீட்டுக்கு நெடுநாளாகப் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் துசாத் குலத்தவர். அவருக்கென்று ஓர் எவர்சில்வர் குவளை பின்கட்டு மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அதில் தேநீர் ஊற்றுவோம். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார். வீட்டிலுள்ள மற்ற எல்லாக் குவளைகளையும் துலக்குபவரும் அவரே! இதில் உள்ள விசித்திரம் இத்தனை ஆண்டுகளில் எங்கள் புத்தியில் ஒருநாளும் உறைக்கவில்லை. அரசியல் சட்டம் தீண்டாமையை 1950இலேயே ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிப் படித்தால் நாமும் கொதிப்போம். பின்கட்டு மாடம் நம் கணக்கில் வரவே இல்லை.

சென்ற ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியை நடத்தும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு மகள், பத்து வயது இருக்கும். தாயோடு வந்து, அவர் மண்டபத்தைப் பெருக்கி முடிக்கும்வரை வாயிற்படியில் நின்று, உள்ளே வரிசையாக உட்கார்ந்து எழுதும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் எழுதலாமா என்று கேட்டாள். போட்டி உறுப்பினர் குழந்தைகளுக்கு மட்டும் என்பது விதி. விதியைச் சொல்லி, இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். விதிப்படி நடந்துகொண்டோம் என்று மனத்திற்கு நிறைவாகவும் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, ஆபீசில் கழித்துவிட்ட பழைய படிவங்களைக் குழந்தைகள் கணக்குப் போடுவதற்காக வீட்டிற்குக் கொண்டுவந்து வைத்திருந்தோம். அச்சிறுமி அவற்றுள் ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் நீல மசிப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தோம். எங்கள் வீட்டின் பின்கட்டு. சன்னல் வழியே அடுக்களை அலமாரியும், அதில் ஆறு குவளைகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பதும் தெரிந்தன. வெளியே மாடத்தில் ஒற்றைக் குவளை கவிழ்ந்திருந்தது. அந்தக் குவளையை மட்டும் அவள் சன்னலைவிடப் பெரிதாக எழுதியிருந்தாள். ஓரத்தில் எஞ்சிய இடத்திலெல்லாம் அவள் பாட்டியின் கையில் பச்சை குத்தியிருக்கும் பூக்கள். இது என்ன என்று கேட்டதற்கு, அம்மாவின் கிளாஸ் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆடு, மாடு என்பதைப் போலச் சொன்னாள். நமக்குத்தான் அந்தப் படிவத்தைக் கையில் பிடித்திருக்க முடியவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டம்மாள் அந்தக் குவளையை எடுத்து அலமாரியில் ஏழாவதாக வைத்தாள். எங்கள் தாயார் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் அலமாரிப் பக்கமே போகவில்லை. இன்றும் தம் பித்தளைச் செம்பில்தான் தண்ணீர் அருந்துகிறார். எழுபத்தாறு வயது. நாங்கள் வற்புறுத்துவதில்லை. அந்த அம்மாளுக்கும் இந்த மாற்றம் எளிதாக இல்லை. தேநீர் கொடுத்தால் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சில வாரம் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார். நல்லது செய்துவிட்டோம் என்று மார்தட்ட இதில் ஒன்றுமே இல்லை.

இனிக் காரியத்திற்கு வருவோம். ஓவியப் போட்டியின் விதியை மாற்றி, இந்தக் காலனியில் வேலை செய்வோரின் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். ஆதரவாக மூவர், எதிராக மூவர், தலைவர் நடுநிலை, ஒத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தமிழர்க்கென்று இருப்பது இந்த ஒரு சங்கம். இதையும் பொதுவாக்கினால் நம் குழந்தைகள் தமிழ் பேச எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேச்சுப் போட்டியும் பாட்டுப் போட்டியும் தமிழிலேயே நடக்கட்டும். அவற்றில் நாம் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தை மீனை எழுதினால் அதைத் தமிழ் மீன் என்றோ மைதிலி மீன் என்றோ எப்படிப் பிரிப்பது? வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடுகிறது. தீர்மானம் மீண்டும் வருகிறது. எந்தப் பக்கம் கை தூக்குவதாயினும் தயவுசெய்து வந்து தூக்குங்கள். வராதவர்களால்தான் சென்ற முறை இது நின்றுபோனது.

அச்சிறுமியிடமும் அவள் தாயாரிடமும் அனுமதி கேட்டு, அந்தப் படத்தைக் காப்பி மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றார் தாயார், போடவில்லை. இன்றைய விருந்துப் பாத்திரங்களைத் துலக்க இருவரும் ஏழு மணிக்கு வருகிறார்கள். அதற்கு முன்னர் வந்து விழாவைப் பார்க்கும்படி அழைத்தோம். பார்க்கலாம் என்றார்கள். முன் வரிசைக்கு அடுத்த வரிசையில் இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றில் யாரும் பையை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.